மூன்றாவது பாட்டு

சடுகுடு ஆட்டத்தில் மூளைக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் நமது நாட்டிலேயே அநேகர் இருக்கிறார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிரியின் எல்லைக்குள் புகுவது, எவனையாவது தொடுவது, அகப்பட்டுக்கொண்டால் திமிறிக்கொண்டு நடுக்கோட்டை எட்டுவது. இதற்குத் தேக பலமும் நெஞ்சுரமும் போதாதா என்பது அவர்களுடைய எண்ணம். தை மாதத்து இரவில் மதுரையிலிருந்து மேலூர்ச் சாலையிலோ, அலங்காநல்லூர்ச் சாலையிலோ, உசிலம்பட்டிச் சாலையிலோ போய்ப் பார்த்தவர்கள் அவ்விதம் சொல்லத் துணிய மாட்டார்கள். அறுவடை முடிந்த வயற்காட்டின் ஓரத்தில் ஒரு செம்மண் களம். கம்பங்களில் கட்டிய மின்சார விளக்குகள். காதைத் துளைக்கும் ஒலிபெருக்கி. சுற்றிலும் ஊர் ஜனம். எல்லாருடைய கண்ணும் பாடிப் போகிற பையன்மேல் பதிந்திருக்கிறது. கோட்டுக்கு வெளியே தோளில் துண்டுடன் நிற்கும் ஒரு மனிதருடைய கண் மட்டும் அவன்மேல் இல்லை. எதிர்க்கட்சியில் இன்னும் எத்தனை பேர் நிற்கிறார்கள், ஆட்டத்தில் இன்னும் எத்தனை நிமிஷம் மிச்சம் என்று அவர் கணக்குப் பண்ணிக்கொண்டிருக்கிறார்.

அவர்தான் அந்தக் கட்சியின் பயிற்சியாளர். தாக்குவதற்கு யாரை அனுப்புவது, எப்போது அனுப்புவது, போகிறவன் துணிந்து உள்ளே இறங்குவதா அல்லது தொட்டும் தொடாமலும் திரும்புவதா என்பதையெல்லாம் கோட்டுக்கு வெளியே நின்று தீர்மானிக்கிறவர். இந்தத் தீர்மானம் ஒரு தனி வித்தை. இந்த வித்தையை நமது பையன்கள் கற்றுக்கொள்கிறார்களா, இல்லையா என்பதில் சில கோப்பைகளுக்கும் மேலான சங்கதி அடங்கியிருக்கிறது என்பது நமது அபிப்பிராயம். அதைச் சொல்லுவதற்கு முன்னால் சற்றுத் தூரம் சுற்றி வர வேண்டியிருக்கிறது.

இந்த வித்தையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் அமெரிக்கர்கள். அவர்கள் ‘ஃபுட்பால்’ என்று ஓர் ஆட்டம் ஆடுகிறார்கள். பெயர்தான் கால்பந்து, பெரும்பாலும் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டே ஓடுகிறார்கள். தாக்குகிற கட்சிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அந்த நான்குக்குள் பத்து கஜம் முன்னேறியாக வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நான்கு முயற்சிகள். இல்லாவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சிக்கும் பின்னால் ஆட்டம் நிற்கிறது. நிற்கிற அந்த இடைவெளியில்தான் பயிற்சியாளரின் ராஜ்யம் நடக்கிறது. அடுத்த முயற்சியில் யார் எங்கே ஓடுவது, பந்து யார் கைக்குப் போவது என்று அவர் கரையிலிருந்து கட்டளையிடுகிறார். 1994ஆம் வருஷம் முதல் அந்நாட்டுத் தொழில்முறைப் பந்தயங்களில், தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரரின் தலைக்கவசத்துக்குள் ஒரு ரேடியோவே வைத்துவிட்டார்கள். ஆனால் அதற்கும் ஒரு வரம்பு உண்டு. அடுத்த முயற்சியைத் தொடங்குவதற்கான கெடுவில் 15 விநாடி பாக்கியிருக்கும்போது ரேடியோ அடங்கிவிடும். அதற்குமேல் களத்தில் நிற்பவனுக்குத் தன் புத்தியே துணை.

நாம் கால்பந்து என்று சொல்லுகிற ஆட்டம் இதற்கு நேர்மாறானது. ஊதுகுழல் ஊதிவிட்டால் 45 நிமிஷம் வெள்ளம்போல ஓடிக்கொண்டே இருக்கும். கரையில் நிற்கும் பயிற்சியாளர் தொண்டை கிழியக் கத்தலாம், கேட்பவர் யார்? ஆகையால் கால்பந்துப் பயிற்சியாளரின் தாக்குதல் யோசனை முழுவதும் ஆட்டத்துக்கு முந்தின இரவிலேயே முடிந்துவிட வேண்டும். இதற்கு நமது தேசத்தில் ஒரு மகத்தான உதாரணம் உண்டு. ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராயிருந்த சையத் அப்துல் ரஹீம் 1962ஆம் வருஷம் இந்தியக் கட்சியை ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக்கு அழைத்துச் சென்றார். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0–2 என்று தோல்வி. தாய்லாந்தோடு நடந்த ஆட்டத்தில் பின்வரிசைக் காவலரான ஜர்னைல் சிங்கின் தலை உடைந்து தையல் போட வேண்டியதாயிற்று. தலையில் காயம்பட்டவரை என்ன செய்வது? வேறொருவராயிருந்தால் ஓய்வு கொடுத்து உட்கார வைத்திருப்பார். ரஹீம் அவரைப் பின்வரிசையிலிருந்து எடுத்து முன்வரிசையின் நடுவில் நிறுத்தினார். அரை இறுதியில் தென் வியத்நாமுக்கு எதிராக ஜர்னைல் ஒரு கோல் போட்டார். செப்டம்பர் 4ஆம் தேதி, இந்தியா என்ற பெயரைக் கேட்டாலே கூச்சலிட்ட ஏறக்குறைய லட்சம் ஜனங்களுக்கு நடுவே, அதே தென் கொரியாவை இந்தியா 2–1 என்று வென்றது. பி. கே. பானர்ஜி ஒரு கோல். ஜர்னைல் ஒரு கோல். அன்று கோலைக் காத்து நின்றவர் பீட்டர் தங்கராஜ். அதன் பின்னர் ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் நமக்குக் கிடைக்கவேயில்லை. ரஹீமும் 1963ஆம் வருஷம் ஜூன் மாதம் புற்றுநோயால் காலமாகிவிட்டார்.

அமெரிக்க ஆட்டத்தில் ஒவ்வோர் அடிக்கும் கட்டளை. நமது கால்பந்தில் ஆட்டத்துக்கு முன் ஒரே கட்டளை. சடுகுடு இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. விட்டுவிட்டு ஆடும் ஆட்டமாகையால் ஒவ்வொரு முறையும் யோசிக்க இடமுண்டு; ஆனால் யோசிக்கக் கிடைப்பது இரண்டு மூன்று விநாடிதான்.

ஆட்டம் தெரியாத நேயர்களுக்காகச் சில விதிகளைச் சொல்லிவிடுகிறோம். தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். ஆண்கள் ஆட்டத்தில் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். கட்சிக்கு ஏழு பேர். இருபது இருபது நிமிஷமாக இரண்டு பாதி. ஒருவன் ‘கபடி, கபடி’ என்று விடாமல் பாடிக்கொண்டு எதிரியின் பக்கம் போய் 30 விநாடிக்குள் திரும்ப வேண்டும். இதை இக்காலத்துப் பையன்கள் ‘ரைடு’ என்கிறார்கள். நமக்குப் பாட்டு என்று சொல்வதே பிடித்திருக்கிறது. தொட்ட ஒவ்வொருவனுக்கும் ஒரு புள்ளி, தொடப்பட்டவன் வெளியே. பிடிபட்டால் எதிரிக்குப் புள்ளி, பாடினவன் வெளியே. தன் கட்சி ஒருவனை வெளியேற்றினால், முன்னால் வெளியே போனவர்களில் ஒருவன் வரிசைப்படி உயிர்பெற்று உள்ளே வருவான். எதிர்ப்பக்கத்தில் ஆறு பேரோ ஏழு பேரோ நிற்கும்போது, பின்னால் உள்ள போனஸ் கோட்டைக் காலால் கடந்து காட்டினால் ஒரு புள்ளி. மூவரோ அதற்குக் குறைவாகவோ நின்று பாடுகிறவனைப் பிடித்துவிட்டால் அவர்களுக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு. ஒரு கட்சி முழுவதையும் வெளியேற்றிவிட்டால் அதற்கு வேறு இரண்டு புள்ளி.

இவற்றோடு ஒரு புது விதி சேர்ந்தது. 2014ஆம் வருஷம் தொடங்கிய புரோ கபடிப் பந்தயங்களின் மூலம் அது வீடுதோறும் தெரிந்துபோயிற்று. ஒரு கட்சி தொடர்ந்து இரண்டு முறை பாடிப் போய்ப் புள்ளி எடுக்காமலும் கொடுக்காமலும் திரும்பினால், மூன்றாவது பாட்டில் புள்ளி எடுத்தே தீர வேண்டும். எடுக்காவிட்டால் பாடினவன் வெளியே போக வேண்டும். எதிரிக்கு ஒரு புள்ளி. இதை ஆங்கிலத்தில் ‘டூ ஆர் டை’ என்கிறார்கள். ‘செய் அல்லது செத்துமடி’ என்று 1942ஆம் வருஷம் ஆகஸ்டு 8ஆம் தேதி இரவு பம்பாயில் மகாத்மா காந்தி தேசத்துக்கு அளித்த மந்திரம், ஐந்து பத்து வருஷங்களாகச் செம்மண் களங்களில் பையன்கள் வாயில் புரளுகிறதைக் கேட்கும்போது நமக்குச் சிரிப்பும் வருகிறது. ஒருவித சந்தோஷமும் உண்டாகிறது.

இந்த ஒரே விதி பயிற்சியாளரின் வேலையைத் தலைகீழாக மாற்றிவிட்டது. முன் காலத்தில் மூச்சுதான் கெடு. தம் உள்ளவரைக்கும் பாட்டு; தம் தீர்ந்தால் ஓட்டம். தைரியசாலி போனான், தொட்டான் அல்லது பிடிபட்டான். யாரை அனுப்புவது என்பதைத் தவிர வெளியே நிற்பவர் சொல்லுவதற்கு அதிகம் இல்லை. இப்போதோ வெறும் பாட்டுக்கும் ஒரு விலை ஏற்பட்டிருக்கிறது. முதல் பாட்டு ஒற்றன் வேலை. இடது மூலையில் நிற்பவன் காலைப் பிடிக்க எப்போது குனிகிறான், நடுவில் நிற்பவன் பின்னாலிருந்து வருகிறானா, சங்கிலியாகக் கைகோத்து நிற்கும் இருவரில் யார் முதலில் கையை விடுகிறான் என்று பார்த்து வர வேண்டும். இரண்டாவது பாட்டில் பார்த்தது உண்மைதானா என்று சோதிக்க வேண்டும். மூன்றாவதில்தான் சண்டை. எதிரிக்கும் இது தெரியும். மூன்றாவது பாட்டுக்கு வருகிறவன் உள்ளே இறங்கியே ஆக வேண்டும் என்பதால், ஏழு பேரும் புலி பதுங்குவதுபோல் பதுங்கிக் காத்திருப்பார்கள்.

ஆகவே மூன்றாவது பாட்டுக்கு யாரை அனுப்புவது என்பதே பெரிய கேள்வி. கட்சியின் தலைசிறந்த பாட்டுக்காரனை அனுப்பலாம். ஆனால் அவன் பிடிபட்டால் வெளியே உட்கார வேண்டும். அவனை உயிர்ப்பிக்க எத்தனை பாட்டு ஆகுமோ, யார் கண்டது? அதற்குள் எதிரி நாலைந்து புள்ளி ஏறிவிடுவான். இதற்கு அஞ்சிச் சில பயிற்சியாளர்கள் மூன்றாவது பாட்டுக்கென்றே ஒரு தனி ஆளைத் தயாரிக்கிறார்கள். அவன் பெரிய வீரனாயிருக்க வேண்டுமென்பதில்லை. தன்னைச் சுற்றி ஏழு பேர் மூடிக்கொண்டு வருகிறபோது பதறாமல் ஒரே ஒருவனைத் தொட்டுத் திரும்புகிறவனாயிருந்தால் போதும். பிடிபட்டாலும் கட்சிக்குப் பெரிய நஷ்டமில்லை.

மேலூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் இதை நாம் நேரில் பார்த்தோம். ஊர்க் கட்சியின் முதன்மைப் பாட்டுக்காரன் நல்ல ஆகிருதியுள்ள பையன். அவன் கோட்டுக்கு வந்ததுமே ஜனம் ஆரவாரம் செய்தது. வெளியே நின்ற பயிற்சியாளர் அவனைக் கிட்டத்தில் அழைத்தார்.

“டேய் தம்பி, மொத ரெண்டும் சும்மா போயிட்டு வாடா. உள்ள எறங்காத. எடது மூலைல நிக்கிறவன் எப்பக் குனியிறான்னு மட்டும் பாத்துட்டு வா.”

“பயந்துட்டேம்பாய்ங்கண்ணே.”

“சொல்றவய்ங்க சொல்லட்டும்டா. நீ வெளிய போயி ஒக்காந்தா எவன்டா பாடுறது?”

பையன் முகம் சுண்டிப்போயிற்று. இருந்தாலும் சொன்னபடியே போனான், வந்தான். அடுத்த முறையும் அப்படியே. ஜனங்கள் கேலி செய்யத் தொடங்கினார்கள். ஒலிபெருக்கிக்காரரும் தம் பங்குக்கு ஒரு குத்தல் வார்த்தை சொன்னார். மூன்றாவது பாட்டுக்குப் பயிற்சியாளர் அனுப்பியது அவனை அல்ல. ஓர் ஒல்லிப் பையனை. எதிர்ப்பக்கத்தில் ஆறு பேர் நின்றார்கள். ஆறு பேரும் அவன் தங்களைத் தொட வருவான் என்று பின்வாங்கி வலை விரித்தார்கள். அவன் யாரையும் தொடவில்லை. இடது மூலைக்காரன் குனிந்த க்ஷணத்தில் அவன் தலைக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே போனஸ் கோட்டுக்கு அப்பால் ஒரு காலை வைத்தான், மறு காலைத் தரையிலிருந்து தூக்கினான், திரும்பி ஓடிவந்தான். ஒரு புள்ளி! ஜனங்களுக்கு ஏமாற்றம். கட்டிப் புரளுவதைப் பார்க்க வந்தவர்களுக்குக் கால் விரலால் எடுத்த புள்ளி எப்படி ருசிக்கும்? ஊர்க் கட்சி அன்று ஜெயித்தது ஒரே ஒரு புள்ளியில். அதைப் பலர் கவனித்ததாகத் தெரியவில்லை.

இதைக் கொண்டு, பதுங்குவதே புத்திசாலித்தனம் என்று நாம் வாதிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். பயிற்சியாளருடைய ஜாக்கிரதையில் ஒரு கெட்ட ஜாக்கிரதையும் உண்டு. டேவிட் ரோமர் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 2006ஆம் வருஷம் தம் நாட்டு ஃபுட்பாலைப் பற்றி ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார். நான்காவது முயற்சியில் துணிந்து முன்னேறப் பார்க்க வேண்டிய சந்தர்ப்பங்களில்கூடப் பயிற்சியாளர்கள் பந்தை உதைத்து எதிரியிடம் கொடுத்துவிடுகிறார்கள், அதனால் வெற்றிக்கான வாய்ப்பை இழக்கிறார்கள் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். காரணத்தை ஊகிக்க ஆராய்ச்சி வேண்டியதில்லை. துணிந்து தோற்றால் பழி பயிற்சியாளர் தலையில் விழும். வழக்கப்படி செய்து தோற்றால் விதியின் தலையில் விழும். சடுகுடுவிலும் இந்த நோய் இருக்கிறது. ஐந்து புள்ளி பின்தங்கியிருக்கும்போதும் முதல் இரண்டு பாட்டை வெறும் பாட்டாக வீணாக்குகிற பயிற்சியாளர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

கணக்கு ஒன்றும் கடினமானதல்ல. கடைசி மூன்று நிமிஷம் என்றால் 180 விநாடி. ஒவ்வொரு பாட்டும் 30 விநாடியை முழுதாகத் தின்றால் மொத்தம் ஆறு பாட்டு. நமக்கு மூன்று, எதிரிக்கு மூன்று. நான்கு புள்ளி முன்னால் இருக்கிறவன் முதல் இரண்டையும் வெறுமனே பாடிக் காலத்தைக் கழிக்கலாம். மூன்றாவதில் பிடிபட்டாலும் பெரும்பாலும் தப்பித்துவிடுவான். நான்கு புள்ளி பின்னால் இருக்கிறவனோ மூன்று பாட்டை நம்பினால் கெட்டான். பத்து விநாடியில் போய்த் திரும்பிப் பாட்டுகளின் எண்ணிக்கையைப் பெருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் உள்ளே இறங்க வேண்டும். முன்னவனுக்குச் சொல்லும் புத்திமதி பின்னவனுக்கு விஷம். இந்த வித்தியாசத்தைப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்காமல் ‘வீரமாப் பாடுடா’ என்று மட்டும் முதுகில் தட்டி அனுப்புவதால் என்ன பிரயோஜனம்?

தமிழ்நாட்டின் பெயரைத் தாங்கிய ஒரு கட்சியே இதற்குப் பாடமாக அமைந்தது. தமிழ் தலைவாஸ் என்ற கட்சி 2017ஆம் வருஷம் புரோ கபடியில் புகுந்து, முதல் நான்கு பருவங்களில் ஒரு முறையாவது இறுதிக் கட்டத்தை எட்டவில்லை. 2022ஆம் வருஷம் பவன் ஷெராவத் என்ற பிரசித்தி பெற்ற பாட்டுக்காரரை 2 கோடியே 26 லட்சம் ரூபாய் கொடுத்து எடுத்தார்கள். முதல் பந்தயத்திலேயே அவருக்கு முழங்காலில் காயம். பருவம் முழுவதும் ஆட முடியாமற் போயிற்று. தாக்குதல் திட்டம் முழுவதும் ஒரே மனிதரைச் சுற்றிக் கட்டியிருந்தால் என்ன ஆகும்? ஆரம்பத்தில் கட்சி தத்தளிக்கத்தான் செய்தது. பருவத்தின் நடுவே அஷன் குமார் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். நரேந்தர் என்ற புதிய இளைஞர் முதன்மைப் பாட்டுக்காரரானார். அந்த முதல் பருவத்திலேயே நரேந்தர் பாடி எடுத்த புள்ளிகள் 243. அஜிங்க்ய பவார் போன்றவர்கள் அவருக்குத் துணை நின்றார்கள். கட்சி முதன்முறையாக இறுதிக் கட்டத்தில் நுழைந்தது.

அவ்வருஷம் டிசம்பரில் பம்பாயில் உத்தரப் பிரதேசக் கட்சியோடு நடந்த நீக்கல் ஆட்டம் 36–36 என்று சமமாக முடிந்தது. அப்போது கடைப்பிடிக்கும் முறைதான் பயிற்சியாளருக்கு உண்மையான பரீட்சை. இரு கட்சிக்கும் ஏழேழு பேர் நிற்பார்கள், யாரும் வெளியேற்றப்படுவதில்லை. ஒவ்வொரு கட்சியும் ஐந்து பாட்டு, ஐந்து வெவ்வேறு ஆட்கள். நடுக்கோட்டிலிருந்து மூன்றேமுக்கால் மீட்டரில் இருக்கும் கோட்டையே போனஸ் கோடாகவும் கொள்ளுகிறார்கள். ஒரே ஒரு சூரனை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிற கட்சிக்கு இங்கே வேலையில்லை. ஐந்தாவது ஆள் யார் என்பதில்தான் சூட்சுமம். தலைவாஸ் கட்சி 6–4 என்று வென்றது. அரை இறுதியில் புனே கட்சியிடம் 37–39 என்று தோற்றது வேறு விஷயம்.

இதில் நமக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு, மறைப்பானேன்? பவன் தில்லிக்காரர், நரேந்தரும் அஷன் குமாரும் ஹரியானாக்காரர்கள், அஜிங்க்ய மகாராஷ்டிரர். அவர்கள் நம் தேசத்து வீரர்களே. அவர்கள் வெற்றியில் நமக்கும் பங்குண்டு. ஆயினும் சடுகுடுவைத் தமிழகத்தின் மாநில விளையாட்டு என்று பெருமையடித்துக்கொள்கிற நாம், தமிழ் என்ற பெயர் தாங்கிய கட்சிக்குப் பாடுவதற்கு ஆள் தேடி வடக்கே போக நேர்ந்தது ஏன் என்று யோசிக்கத்தான் வேண்டும். நம்மிடம் பிடிப்பவர்கள் இல்லாமலில்லை. தஞ்சாவூர்ச் சீமையைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன் நாற்பது வயதைக் கடந்த பிறகு, 2016ஆம் வருஷம் பாட்னாக் கட்சிக்குத் தலைவராயிருந்து கோப்பை வாங்கிக் கொடுத்தார். அதே வருஷம் உலகக் கோப்பையை வென்ற இந்தியக் கட்சியிலும் இருந்தார். மூலையில் நின்றுகொண்டு கட்சி முழுவதையும் நடத்துகிற அறிவு அவருக்கு இருந்தது. அவ்வறிவைச் சிறு வயதிலேயே ஊட்டுவதற்கு வடக்கே பயிற்சிக் கூடங்கள் இருக்கின்றன. இங்கே பெரும்பாலும் பழைய ஆட்டக்காரர் ஒருவர், பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, மாலையில் தம் சொந்தச் செலவில் பையன்களைத் திரட்டுகிறார்.

தேசம் முழுவதுமே ஒரு சமயம் இந்த அலட்சியத்துக்கு விலை கொடுத்தது. 1990ஆம் வருஷம் பீஜிங்கில் சடுகுடு ஆசிய விளையாட்டில் சேர்ந்தது முதல் ஆண்கள் தங்கம் நமக்கே. இந்த ஆட்டம் நம் வீட்டுச் சொத்து என்று நாம் நிம்மதியாக இருந்துவிட்டோம். 2018ஆம் வருஷம் ஜகார்த்தாவில் ஈரான் ஆண்கள் அரை இறுதியில் நம்மை 27–18 என்று வீழ்த்தினார்கள். அடுத்த நாள் ஈரான் பெண்கள் இறுதி ஆட்டத்தில் நம் பெண்களை 27–24 என்று தோற்கடித்தார்கள். அந்தப் பெண்கள் கட்சிக்குத் திட்டம் வகுத்துக் கொடுத்தவர் யார் தெரியுமா? மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின் என்ற நம் நாட்டுப் பெண்மணி! அவரைக் குறைகூற நமக்கு வாயில்லை. தாம் கற்ற வித்தையை, கேட்டவர்களுக்குக் கொடுத்தார்.

ஐந்து வருஷம் கழித்து, 2023ஆம் வருஷம் அக்டோபர் 7ஆம் தேதி சீனாவில் ஹாங்சௌ நகரில் இந்தியாவும் ஈரானும் மறுபடி இறுதி ஆட்டத்தில் மோதின. ஆட்டம் முடிய ஏறத்தாழ ஒரு நிமிஷம் இருக்கையில் 28–28. நமக்கு மூன்றாவது பாட்டு. உள்ளே போனவர் பவன். அவர் எவரையும் தொடாமலே பக்கவாட்டில் உள்ள ஓரப் பகுதியில் கால் வைத்துவிட்டார். அவரைத் துரத்திய ஈரானியர் சிலரும் அதே ஓரத்துக்குள் வந்துவிட்டார்கள். பழைய விதிப்படி அவர்களும் வெளியே. புதிய விதிப்படி பாடினவர் மட்டுமே வெளியே. நடுவர்கள் ஒரு தீர்ப்புச் சொல்லி, மாற்றி, மறுபடி மாற்றினார்கள். வீரர்கள் களத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் இந்தியா 33–29 என்று வென்றது. தங்கம் நமக்கு வந்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் எந்த விதிப்படி ஆடுகிறோம் என்பதே நிச்சயமில்லாமல் மூன்றாவது பாட்டைப் பாடின விசித்திரம் உலகத்தில் வேறெங்கும் நடந்திராது.

பயிற்சியாளரின் யோசனை எல்லாவற்றையும் செய்துவிடும் என்றும் நாம் நினைக்கவில்லை. 2017ஆம் வருஷம் ஹரியானாக் கட்சிக்கு எதிராகப் பாட்னாவின் பர்தீப் நர்வால் ஒரே பாட்டில் எதிரே நின்ற ஆறு பேரையும் வெளியேற்றி எட்டுப் புள்ளி கொண்டுவந்தார். அதை எந்தப் பயிற்சியாளர் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்க முடியும்? சங்கிலிக்குக் கீழே குனிந்து நழுவுகிற அவருடைய வித்தை, இரண்டு கை தம்மேல் விழுந்த பிறகு பிறக்கிற வித்தை. அமெரிக்கர்களின் ரேடியோ 15 விநாடிக்கு முன் அடங்குவதைச் சொன்னோம் அல்லவா? சடுகுடுக்காரனுக்கு நடுக்கோட்டைத் தாண்டிய உடனேயே ரேடியோ அடங்கிவிடுகிறது. ஏதாவது சொல்ல வேண்டுமானால் பாதிக்கு இரண்டு முறை ஆட்டத்தை நிறுத்திக் கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆகையால் பையனுடைய மூளைக்குள்ளேயே பயிற்சியாளரைக் குடியேற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

வைகைக் கரையிலும் அதைச் சுற்றிய மானாவாரி நிலங்களிலும் இதன் அவசியம் எவ்வளவு என்பதைப் பட்டணத்து நேயர்கள் அறிய மாட்டார்கள். வாடிப்பட்டிப் பக்கத்திலோ திருமங்கலத்துப் பக்கத்திலோ ஒரு பையன் சடுகுடுவில் பேர் எடுத்தால் அவனுக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கும். பிறகு போலீஸிலோ, ரயில்வேயிலோ, பாங்கியிலோ, விளையாட்டு வீரருக்கான ஒதுக்கீட்டில் உத்தியோகம் கிடைக்கலாம். இரண்டு ஏக்கர் புன்செய் உள்ள குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய காரியம்! அந்த வாய்ப்பு அவனுக்குத் தேர்வுப் பந்தயத்தில் ஒரு மாலைப் பொழுதில்தான் வருகிறது. அங்கே வந்து பார்க்கிறவர்கள், அவன் எத்தனை பேரைத் தூக்கியெறிந்தான் என்று மட்டும் பார்ப்பதில்லை. மூன்று பேர் நிற்கும்போது அகப்பட்டு எதிரிக்கு இரண்டு புள்ளி கொடுத்தானா, ஆறு பேர் நிற்கும்போது போனஸை விட்டுவிட்டு வந்தானா என்று பார்க்கிறார்கள். ஊர்க் களத்தில் சிங்கமாயிருந்தவன் அங்கே ரப்பர் விரிப்பின்மேல் முதல் பாட்டிலேயே உள்ளே இறங்கி, பிடிபட்டு, மீதி நேரம் வெளியே உட்கார்ந்திருந்து வீடு திரும்புவதை நாம் ஒரு முறைக்கு மேல் கண்டிருக்கிறோம். பையனிடம் பலத்தில் குறையில்லை. யாராவது அவனுக்கு எண்ணக் கற்றுக்கொடுத்திருந்தால்!

கற்றுக்கொடுப்பவர்கள் இல்லாமலும் போகவில்லை. முன்னே சொன்ன மேலூர்ப் பக்கத்துப் பயிற்சியாளரை மறுநாள் மாலை அவருடைய களத்தில் சந்தித்தோம். பையன்களை அவர் முழு ஆட்டம் ஆட விடவில்லை. ஒரு பக்கம் நான்கு பேர், மறு பக்கம் ஏழு பேர் நிறுத்தினார். “மூணு நிமிசம் இருக்கு. நீங்க நாலு புள்ளி பின்னாடி. பாடுங்கடா” என்றார். மூன்று நிமிஷம் முடிந்ததும் இரு பக்கத்தையும் மாற்றி, “இப்ப நீங்க நாலு புள்ளி முன்னாடி” என்றார். பாடித் திரும்புகிற ஒவ்வொருவனும் மூச்சு வாங்கிக்கொண்டே, எதிரே எத்தனை பேர் நின்றார்கள், இது எத்தனையாவது பாட்டு என்று உரக்கச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் எடுத்த புள்ளி செல்லாது. முந்தின இரவு முகம் சுண்டிப்போன அந்தப் பெரிய பையன் ஒரே பாட்டில் இருவரைத் தொட்டுவிட்டு ஜோராகத் திரும்பி வந்தான்.

“எத்தனை பேருடா நின்டாய்ங்க?”

“அஞ்சு பேருண்ணே.”

“ஆறு. புள்ளி கெடையாது. போ, மறுபடி பாடு.”

பையன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் நடுக்கோட்டுக்குப் போனான்.